பாடக் கற்பித்தோர்: இசைக்குறியின் வரலாறும் சபையின் குரலும்

இசையின் அடிப்படை இலக்கணத்தைக் கற்கப் புகும் இறையியல் மாணவர் முதலில் எதிர்கொள்வது ஒரு சொற்பட்டியலையே. சுரம், சுருதி, ஸ்தாயி, தாளம், ஐங்கோடு, அரைச்சுரம், நான்கு குரல் என அது நீண்டு செல்லும். அதன்பின் இசைக்கருவிகளின் வகைகள் வரும். இசையமைப்பாளர்களின் பெயர்களும் ஆண்டுகளும் வரும். தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடத் தக்க பாடம் என்றே பலர் இதனைக் கருதுகின்றனர். திருமறைக்கும் அருளுரைக்கும் ஆயத்தம் செய்யும் ஒருவருக்கு இவற்றால் என்ன பயன் என்னும் வினாவும் எழுகிறது.

இவ்வினாவுக்கு விடை அச்சொற்களின் வரலாற்றிலேயே உள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை இசைப் புலவர்களின் ஓய்வு நேர ஆராய்ச்சியில் பிறந்தவை அல்ல. பாடத் தெரியாத சிறுவரையும், படிக்கத் தெரியாத சபையாரையும் பாடவைக்க வேண்டிய ஆசிரியர்களின் இடர்ப்பாட்டில் பிறந்தவை. ஆராதனையில் யார் பாடுவது, தேர்ந்த சிலரா, கூடிவந்த யாவருமா என்னும் கேள்வியே இசைக்குறியின் வரலாற்றை ஆயிரம் ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளது எனலாம். அவ்வரலாற்றின் சில கட்டங்களை ஈண்டு நோக்குவோம்.

நினைவும் எழுத்தும்

ஏறத்தாழ 560 முதல் 636 வரை வாழ்ந்த செவீல் நகரப் பேராயர் இசிதோர், தம் காலத்து அறிவுத்துறைகள் அனைத்தையும் தொகுத்து ஒரு பெருநூல் செய்தார். இசையைப் பற்றி எழுதுகையில், ஒலிகளை மனிதர் நினைவில் வைத்துக் கொள்ளாவிடில் அவை அழிந்துபோம் என்றும், அவற்றை எழுதி வைக்க வழியில்லை என்றும் அவர் கூறினார். அன்றைய மேற்கத்தியத் திருச்சபையின் நிலையை இக்கூற்று நன்கு காட்டுகிறது. ஆண்டு முழுவதற்கும் உரிய இலத்தீன் பாடல்கள் அனைத்தும் துறவிகளின் நினைவிலேயே இருந்தன. ஆசிரியர் பாட, மாணாக்கர் கேட்டுத் திரும்பப் பாடினர். ஆசிரியர் மறைந்தால் பாட்டும் மறையும்.

அதே ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக எழுத்தமைதியால் அறியப்படும் ஒரு கல்வெட்டு, நம் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள குடுமியான்மலையில் உள்ளது. ஏழு இராகங்களுக்குரிய சுரக்கோவைகள் அங்கே பாறையில் எழுத்துகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பொறிக்கச் செய்தவர் ஓர் அரசர். உருத்திராசாரியர் என்பாரின் மாணவர் எனத் தம்மைக் குறிப்பிடும் அவர், மாணாக்கரின் நன்மைக்காகவே இச்சுரங்களை அமைத்ததாகவும் கூறியுள்ளார். ஐரோப்பா இயலாது என்று எண்ணிய ஒன்றைத் தமிழகம் அக்காலத்திலேயே கல்லில் செய்து வைத்திருந்தது என்பது மட்டும் இங்கே கருதத்தக்கதன்று. இசையை எழுதும் முயற்சி இங்கும் மாணாக்கரை முன்னிட்டே எழுந்தது என்பதே நமக்குச் சிறப்பாகப் படுகிறது.

ஐரோப்பாவில் ஒன்பதாம் நூற்றாண்டளவில் பாடல் வரிகளின்மேல் சிறு கோடுகளும் கொக்கிகளும் இடும் வழக்கம் தோன்றிற்று. இவற்றை நியூம்கள் என்பர். குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை அவை காட்டின. எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அவை திட்டமாகக் காட்டவில்லை. பாட்டை முன்னமே அறிந்தவருக்கு அவை நினைவூட்டும் குறிகளாயின, அறியாதவருக்குப் பயன்படவில்லை.

அரெஸ்ஸோ நகரின் குய்டோ

இந்நிலையை மாற்றியவர் குய்டோ என்னும் பெனடிக்டின் துறவி. ஏறத்தாழ 991ஆம் ஆண்டில் பிறந்தவர். இத்தாலியின் போம்போசா மடத்தில் இருந்தவர். அங்கே இளந்துறவிகளுக்குப் பாடம் சொல்லுகையில், ஆண்டுக்கணக்கில் பயின்றும் ஆசிரியர் துணையின்றி ஒரு சிறு பாட்டையேனும் தாமாகப் பாட இயலாத நிலையைக் கண்டு வருந்தினார். பத்தாண்டு உழைப்பை ஓராண்டிலோ, மிஞ்சினால் இரண்டாண்டிலோ முடிக்கலாம் என்று அவர் ஒரு முறையை வகுத்தார். அதற்குக் கிடைத்த பரிசு உடன்துறவிகளின் பொறாமையே. போம்போசாவை விட்டு அரெஸ்ஸோ நகருக்குச் சென்று, ஆயர் தெயோடால்டின் ஆதரவில் பேராலயப் பாடகர்களைப் பயிற்றினார். ஏறத்தாழ 1026ஆம் ஆண்டளவில் 'மிக்ரோலோகுஸ்' என்னும் நூலை எழுதி அவ்வாயருக்கே உரித்தாக்கினார்.

அவர் செய்தவை இரண்டு. முதலாவது, குறிகளைக் கோடுகளின்மேலும் கோடுகளுக்கு இடையிலும் ஒழுங்காக நிறுத்தினார். ஒரே கோட்டில் நிற்கும் குறிகள் யாவும் ஒரே ஒலியைக் குறிக்கும். எந்தக் கோடு எந்த ஒலிக்குரியது என்பதை வண்ணத்தாலும் கோட்டின் தொடக்கத்தில் இட்ட எழுத்தாலும் காட்டினார். இன்று ஐங்கோட்டின் தலைப்பில் நாம் காணும் சுருள் வடிவங்கள் அவ்வெழுத்துகள் காலப்போக்கில் உருமாறியவையே.

இரண்டாவது, யோவான் ஸ்நானகனைக் குறித்த ஓர் இலத்தீன் பாடலைக் கற்பித்தற்குரிய கருவியாக்கினார். அப்பாடலின் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று உயர்ந்த சுரத்தில் தொடங்கும். அவற்றின் முதல் அசைகளான உத், ரே, மி, ஃபா, சோல், லா என்பனவே சுரங்களின் பெயர்களாயின. 'உத்' என்பது பிற்காலத்தில் 'டோ' ஆயிற்று. ஏழாவது பெயரும் பின்னரே சேர்ந்தது. இவ்வாறனுள் மி, ஃபா இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு மட்டும் அரைச்சுரம், மற்றவை முழுச்சுரங்கள். அரைச்சுரம் எங்கே விழுகிறது என்பதைச் செவி உணர்ந்துகொண்டால், காணாத பாட்டையும் கண்டவுடன் பாடலாம். இதுவே குய்டோவின் மறைபொருள்.

இம்முறையின் புகழ் உரோமாபுரியை எட்டியது. போப்பாண்டவர் பத்தொன்பதாம் யோவான் அவரை அழைத்தார். குய்டோ தம் நண்பர் மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில், போப்பாண்டவர் தாம் முன்பின் கேட்டிராத ஓர் அடியை அந்தப் பாடல் நூலிலிருந்து தாமே பாடிப் பார்த்து வியந்த செய்தியைக் குறிப்பிடுகின்றார். மறைந்த ஆசிரியரின் குரல் இன்றியே, நூலைக் கொண்டு பாட்டைக் கற்கலாம் என்பது அன்று ஓர் அதிசயமாகவே இருந்தது.

பாடகர் குழு பாடிற்று, சபை கேட்டது

இசை எழுத்துருப் பெற்றதும் அதன் வளர்ச்சி விரைவுபட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொலோன் நகரப் பிராங்கோ என்பார், குறியின் வடிவமே அதன் கால அளவைக் காட்டுமாறு விதிகள் வகுத்தார். நாம் மாத்திரை என்பதை அவர் குறியின் உருவத்திலேயே அடக்கினார். காலம் அளக்கப்பட்டதால் இரண்டு, மூன்று, நான்கு குரல்கள் வெவ்வேறு மெட்டுகளை ஒருங்கே பாடுதல் கைகூடிற்று. பெரும் பேராலயங்களில் வியத்தகு இசை எழுந்தது.

ஆனால் எளிதாக்குதற்கென்று பிறந்த குறியீடு, தேர்ந்தவர்க்கே உரிய கலையாக மாறிற்று. இலத்தீனும் பன்குரல் இசையும் அறிந்த குழுவினர் பாடினர். ஊர் மக்கள் ஆராதனையின் பெரும்பகுதியில் கேட்போராகவே நின்றனர்.

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் இங்கேதான் இசையைத் தொட்டது. லூத்தர் பாடுபவர், லூட் என்னும் நரம்புக் கருவியை வாசிப்பவர். 1524ஆம் ஆண்டில் யோகான் வால்டரின் ஜெர்மானியப் பாடல் நூல் விட்டன்பர்க்கில் லூத்தரின் முன்னுரையோடு வெளிவந்தது. இளைஞரை மனத்தில் கொண்டே அப்பாடல்கள் பல குரல்களில் அமைக்கப்பட்டன என்று அம்முன்னுரை கூறுகிறது. அதில் முதன்மை மெட்டு நடுவிலுள்ள டெனர் குரலில் இருந்தது. மேலும் கீழும் பிற குரல்கள் சூழ்ந்திருந்தமையால், பயிற்சியற்ற செவிக்கு மெட்டைப் பிரித்தறிதல் எளிதன்று. தாய்மொழியில் பாட்டுக் கிடைத்தவுடனே சபையார் அனைவரும் உரத்துப் பாடினர் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஆலயப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் காட்டுவது வேறு. பல இடங்களில் நெடுங்காலம் பள்ளிச் சிறுவர் குழுவே பாடிற்று. சபை மெதுவாகவே வாய் திறந்தது.

அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1586இல், உர்ட்டம்பர்க் நாட்டு அரண்மனை அருளுரையாளர் லூக்காஸ் ஓசியாண்டர் ஐம்பது பாடல்களைக் கொண்ட ஒரு நூலை வெளியிட்டார். அதில் அவர் செய்த மாற்றம் பார்வைக்குச் சிறிது: மெட்டை டெனரிலிருந்து எடுத்து மேற்குரலில் வைத்தார். எல்லாக் குரல்களும் ஒரே நடையில் செல்லுமாறும் அமைத்தார். மெட்டு மேலே தெளிவாகக் கேட்டால் சபையார் யாவரும் அதனோடு சேர்ந்து பாடலாம் என்பதே அவர் கருத்து. இன்று பாமாலையின் நான்கு குரல் அமைப்பில் சொப்ரானோவே மெட்டைப் பாடுகிறது என்று மாணவர் மனப்பாடம் செய்கிறாரே, அந்த விதிக்குப் பின்னே நிற்பது இந்த மேய்ப்புப் பணியே.

ஜெனீவாவில் வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே சங்கீதங்களுக்கு மெட்டமைத்த லூயி பூர்ஷ்வா, சுரம் பார்த்துப் பாடக் கற்பிக்கும் ஒரு சிறுநூலை 1550இல் மக்கள் மொழியாகிய பிரெஞ்சிலேயே எழுதினார். ஆனால் அடுத்த ஆண்டு, பழகிய மெட்டுகள் சிலவற்றை இசைவு பெறாமல் மாற்றினார் என்னும் குற்றத்திற்காக நகர மன்றம் அவரைச் சிறையிலிட்டது. கல்வின் பரிந்து பேசியதனால் விரைவில் விடுதலை பெற்றார். தண்டனை மிகையே. எனினும், சபையின் வாயில் நிலைத்துவிட்ட மெட்டு இசையமைப்பாளனின் தனிச்சொத்தன்று என்னும் உணர்வு அதற்குள் இருந்ததை நாம் மறுக்க இயலாது.

இவ்விரு நீரோட்டங்களில் லூத்தரன் மரபின் முதிர்ந்த கனி யோகான் செபாஸ்டியன் பாக். 1685இல் ஐசனாக்கில் பிறந்து, 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக் நகரத் தூய தோமா ஆலயத்தின் இசைத் தலைவராக இருந்தார். அப்பதவி பள்ளியோடு இணைந்தது. சிறுவரைப் பாடப் பயிற்றுவதும் அவர் கடமையே. அவருடைய கந்தாத்தாக்கள் பல, எவ்வளவு நுட்பமான இசையில் தொடங்கினாலும், மக்கள் அறிந்த ஒரு கோரல் மெட்டின் எளிய நான்கு குரல் அமைப்பில் முடிகின்றன. அவர் மறைந்தபின் 1784க்கும் 1787க்கும் இடையே அவருடைய மகன் பிலிப் இம்மானுவேலின் முயற்சியால் ஏறத்தாழ 370 கோரல்கள் தொகுத்து அச்சிடப்பட்டன. இன்றும் உலகெங்கும் மாணவர் சுர இணைவைக் கற்பது இவற்றிலிருந்தே. மத்தேயு எழுதிய பாடுகளின் இசையில் அவர் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் ஒரு மெட்டு, 1601இல் ஹான்ஸ் லியோ ஹஸ்லர் வெளியிட்ட காதற்பாட்டினுடையது. உலகப் பாட்டின் மெட்டு ஆலயத்திற்கு ஆகுமா என்று நம் சபைகளில் வழக்காடுவோர் இதனை நினைவில் கொள்வது நன்று.

குறி பார்த்துப் பாடுவதை எதிர்த்தோர்

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன் சபைகள் 1640இல் தமக்கென ஒரு சங்கீத நூலை அச்சிட்டன. அதில் மெட்டுகளுக்குக் குறிகள் இல்லை. 1698இல் வந்த பதிப்பிலேயே முதன்முதலாக மெட்டுகள் சேர்க்கப்பட்டன. இதற்கிடையே நூலும் எழுத்தறிவும் குறைந்த சபைகளில், மூப்பர் ஒருவர் ஓரடியைச் சொல்ல, சபை அதைப் பாடும் வழக்கம் வேரூன்றியது. நாளடைவில் நடை மிகவும் தளர்ந்தது. அவரவர் தம் விருப்பம்போல் சுரங்களை நீட்டியும் வளைத்தும் பாடினர். ஒரே மெட்டு ஊருக்கு ஊர் வேறாயிற்று.

1720இல் தாமஸ் சிம்ஸ் என்னும் போதகர், விதிப்படி பாடுவதே அறிவுக்குப் பொருத்தமானது என்று வாதிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜான் டஃப்ட்ஸ், குறிகளுக்குப் பதிலாகச் சுரப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கோடுகளில் இட்டு எளிய பாடநூல் ஒன்றை அமைத்தார். சபைகள் பிளவுபடும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோர் கூறிய காரணங்களைச் சிம்ஸ் 1723இல் வரிசைப்படுத்தினார்: இது புதுவழி, உரோமச் சபையின் சாயல் கொண்டது, இதை விட்டால் இசைக்கருவிகளும் உள்ளே வந்துவிடும், சுரப்பெயர்கள் தூஷணமானவை, பணம் பறிக்கச் செய்த சூழ்ச்சி, இளைஞர் கூட்டமே இதை நாடுகிறது.

இப்பட்டியலைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் அம்முதியோரின் அச்சத்தில் ஓர் உண்மையும் இருந்தது. பழைய வழியில் படிக்காதவரும் வயது முதிர்ந்தவரும் தம் குரலால் பங்கு கொண்டனர். புதிய வழியோ கற்ற இளைஞரை முன்வரிசைக்குக் கொணர்ந்து, முதியோரைப் பிழை செய்வோராக்கிற்று. ஆயினும் இப்போராட்டத்திலிருந்து எழுந்த பாட்டுப் பள்ளிகள் ஊர்தோறும் பரவின. தோல் பதனிடும் தொழிலாளியான வில்லியம் பில்லிங்ஸ் 1770இல் தம் சொந்த மெட்டுகளை நூலாக்கி அந்நாட்டின் முதற்பெரும் இசையமைப்பாளர்களுள் ஒருவரானது அப்பள்ளிகளின் பயனே.

நகரும் 'டோ'

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நாரிச் நகரைச் சேர்ந்த சாரா ஆன் குளோவர் அம்மையார் ஏழைச் சிறுவர்க்குப் பாடக் கற்பித்து வந்தார். ஐங்கோட்டின் சிக்கல்களைத் தவிர்த்து, சுரப்பெயர்களின் முதலெழுத்துகளையே குறிகளாகக் கொண்ட ஒரு முறையை வகுத்து 1835இல் வெளியிட்டார். சங்கீதம் பாடுதலைச் சபைக்குரியதாக்கும் திட்டம் என்பதே அந்நூற்பெயரின் பொருள். நாம் இதுவரை கூறிவந்த வரலாறு முழுவதும் அத்தலைப்பில் அடங்கியிருக்கிறது.

1841இல் ஹல் நகரில் கூடிய ஓய்வுநாட் பள்ளி ஆசிரியர் மாநாடு, சிறுவர்க்குப் பாடக் கற்பிக்க எளிய வழி காணுமாறு ஜான் கர்வென் என்னும் இளம் போதகரைக் கேட்டுக்கொண்டது. அவர் இசைத்திறன் மிக்கவர் அல்லர். சுரம் பார்த்துப் பாடத் தாமே திணறியவர். அதனால்தான் மாணவரின் துன்பம் அவருக்கு விளங்கிற்று. குளோவர் அம்மையாரின் முறையை எடுத்து, அவருடைய இசைவை முன்கூட்டிப் பெறாமலே பல மாற்றங்களுடன் பரப்பினார். இதுவே டானிக் சோல்ஃபா என வழங்கலாயிற்று. கர்வெனின் பெயரோடு குளோவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதலே நியாயம்.

இம்முறையின் உயிர்நாடி, 'டோ' ஓரிடத்தில் நிலைத்து நில்லாது என்பது. பாடுவோரின் குரலுக்கு ஏற்றவாறு எந்தச் சுருதியையும் 'டோ' எனக் கொள்ளலாம். பிற சுரங்கள் அதனோடு கொண்ட உறவால் அறியப்படும். இங்கிலாந்தில் புதுமையாகக் கருதப்பட்ட இக்கொள்கை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. நம் ஆதார ஷட்ஜமும் அவ்வாறே. பாடுபவர் எந்தச் சுருதியில் நிற்கிறாரோ, அதுவே ச. சங்கராபரணத்தின் ஆரோகணத்தைப் பாடத் தெரிந்தவர் டோ, ரே, மி வரிசையை ஏறக்குறைய முழுவதும் அறிந்தவரே.

விலையுயர்ந்த இசை அச்சு எழுத்துகள் இன்றிச் சாதாரண அச்சகத்திலேயே பதிக்க முடிந்ததால், மிஷனெரிகள் சோல்ஃபாவை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரப்பினர். தென்னாப்பிரிக்காவில் மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியரான ஏனக் சொன்டோங்கா 1897இல் கோசா மொழியில் தாம் இயற்றிய ஒரு வேண்டுதற் பாட்டைச் சோல்ஃபாவிலேயே எழுதி வைத்தார். அது விடுதலைப் போராட்டத்தின் பாடலாகி, 1997இல் அந்நாட்டு தேசிய கீதத்தின் முதற்பகுதியாயிற்று. ஏழைச் சிறுவர்க்காக ஓர் அம்மையார் வகுத்த குறியீடு, ஒரு நாட்டின் குரலைத் தாங்கிச் சென்றது.

தமிழ்ச் சபையின் இரு மரபுகள்

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது, ஜெர்மானியக் கோரல்களும் அவரோடு இறங்கின. அவை தமிழில் பெயர்க்கப்பட்டுப் பாடப்பட்டன. பின்வந்த பப்ரிசியுஸ் ஐயர் அப்பணியைச் சிறப்பாகச் செய்தார். ஆனால் இங்கே ஓர் இலக்கணச் சிக்கல் இருந்தது. ஜெர்மானியச் செய்யுள் அசையழுத்தத்தில் நிற்பது. தமிழ்ச் செய்யுள் குறில் நெடில் வேறுபாட்டில் நிற்பது. அயல் மெட்டின் அழுத்தமான இடத்தில் தமிழ்க் குறில் விழுந்தால், பாடுவோர் அதனை நீட்டியே தீர வேண்டும். நீட்டினால் மனம் மானமாகும்; விடு வீடாகும்; கல் காலாகும். சபையார் பொருளை மெட்டுக்குப் பலியிடவோ, மெட்டைப் பொருளுக்காக வளைக்கவோ நேர்ந்தது.

மற்றொரு மரபு நம் மண்ணிலிருந்தே எழுந்தது. 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்ட புலவர். பெத்லகேம் குறவஞ்சி முதலான அவருடைய படைப்புகள் நாட்டு வடிவங்களில் நற்செய்தியைப் பாடின. 1820களின் இறுதியில் புதிய மிஷனெரிகளோடு தஞ்சைச் சபையில் பிணக்கு எழுந்தபோது, சாஸ்திரியாரின் தரப்பினர் முறையிட்ட குறைகளுள் ஆராதனையில் தமிழ்ப் பாடல்கள் விலக்கப்பட்டமையும் ஒன்று. சாதி வேறுபாட்டை நீக்க முயன்றதும் அதே முறையீட்டில் குறையாகவே கூறப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. சாதியைக் காக்க எழுந்த குரல் நற்செய்திக்கு மாறானது. தமிழ் இசையைக் காக்க எழுந்த குரல் நியாயமானது. ஒரே மனிதரின் வாயில் இரண்டும் கலந்து வந்தமை, நம் இசை மரபைப் பெருமையோடு மட்டுமன்றி விழிப்போடும் ஏற்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாடல்களை முதன்மையாகக் கொண்டு 1853இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். கீர்த்தனையின் அமைப்பே சபைக்கு ஏற்றது. சரணங்களைப் பாடத் தெரிந்தவர் பாடுவார். பல்லவியை எல்லாரும் எடுப்பர். எழுத்தறியாதவரும் இரண்டாம் முறையில் பல்லவியைப் பற்றிக்கொள்வார். குய்டோவும் ஓசியாண்டரும் குளோவரும் குறியீட்டால் சாதிக்க முயன்றதை, கீர்த்தனை தன் வடிவத்தாலேயே பெருமளவு சாதித்துவிட்டது.

இருமரபுகளையும் ஒருங்கே எண்ணியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்து, ஆசிரியராகவும் சித்த மருத்துவராகவும் விளங்கி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஸ்தாயியை 22 சுருதிகளாகக் கொள்ளும் கருத்தை மறுத்து, சிலப்பதிகாரம் காட்டும் பாலை முறைகளின் அடிப்படையில் 24 சம பங்குகளை நிறுவ முயன்றார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிலும் தம் முடிவை எடுத்துரைத்தார். அறிஞர் யாவரும் அதனை ஏற்றனர் அல்லர். எனினும் அவர் எழுப்பிய வினா இன்றியமையாதது.

அதன் கருத்தைச் சிறிது விளக்குவோம். ச-விற்கும் ப-விற்கும் இயல்பான விகிதம் இரண்டுக்கு மூன்று. அவ்விகிதத்தில் பன்னிரண்டு முறை ஏறினால் தொடக்க ஒலியின் ஏறக்குறைய 129.75 மடங்கை அடைவோம். ஏழு ஸ்தாயிகள் ஏறினாலோ 128 மடங்கே. இந்தச் சிறு மிச்சத்தை மறைக்கவே, மேற்கத்தியர் நாளடைவில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வகுத்துக்கொண்டனர். பியானோவும் ஹார்மோனியமும் அவ்வாறே சுருதி கூட்டப்பட்டவை. அதனால் எந்தச் சுருதியிலும் நான்கு குரல் இணைவு இனிதாகும். ஆனால் ஒரு சுரமும் முழுத் தூய்மையோடு நில்லாது. மேலும், கட்டைக்கும் கட்டைக்கும் இடையே கமகத்திற்கு வழியில்லை. தோடியின் காந்தாரம் அசைவிலேயே வாழ்வது. அசையாத கட்டையில் அது உயிரிழக்கும்.

இக்காரணங்களால் அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பாரிசில் 1840களில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற அக்கருவி, கையால் காற்றடிக்கும் எளிய வடிவில் நம் சிற்றூர் ஆலயங்களின் துணையாயிற்று. அதனால் சபைகள் சுருதி பிசகாமல் பாடின என்பது உண்மை. கீர்த்தனைகளின் வளைவுகள் பல கட்டைகளின் ஒழுங்குக்கு நிமிர்ந்துபோயின என்பதும் உண்மை.

நாம் கற்க வேண்டியது

இவ்வரலாற்றில் ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம். சபை பாட வேண்டும் என்று ஒருவர் ஒரு குறியீட்டை அமைக்கிறார். அது வளர்ந்து வல்லுநரின் உடைமையாகிறது. சபை மீண்டும் அமைதியாகிறது. பின்னர் வேறொருவர் வந்து அதனை எளிதாக்குகிறார். ஆகவே ஓர் இசைமுறை நல்லதா அன்றா என்பதை அதன் நுட்பத்தைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் இயலாது. அது வந்தபின் சபையில் எத்தனை பேர் வாய் திறந்து, பொருள் உணர்ந்து பாடுகின்றனர் என்பதே அளவுகோல். குழலும் யாழும் தெளிவான வேறுபாட்டோடு ஒலிக்காவிடில் வாசிக்கப்பட்டதை அறிவது எப்படி என்று கொரிந்தியருக்கு எழுதிய அப்போஸ்தலன், கருத்தோடும் பாட வேண்டும் என்று அதே அதிகாரத்தில் வலியுறுத்துகிறான் அன்றோ?

இறையியல் மாணவர் இசையில் புலவராக வேண்டுவதில்லை. மூன்று திறன்கள் வேண்டும். சபையின் குரலுக்கு ஏற்ற ஆதார சுருதியை எடுத்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். தமக்கு எளிதான சுருதியில் தொடங்கி முதியோரையும் பெண்களையும் எட்டாத உயரத்தில் தவிக்கவிடும் போதகர் உளர். அறியாத மெட்டை ஐங்கோட்டிலோ, சோல்ஃபாவிலோ, சரிகமவிலோ பார்த்துக் கற்கத் தெரிய வேண்டும்; தெரியாவிடில் சபை தான் முன்னமே அறிந்த பத்துப் பாட்டுகளிலேயே தங்கிவிடும். மூன்றாவது, கேட்கத் தெரிய வேண்டும்.

இம்மூன்றாவதே அரிது. நம் சிற்றூர்ச் சபைகளில் எழுத்தறியாத மூதாட்டியர், அச்சிட்ட நூலில் இல்லாத வளைவுகளோடு கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். அவற்றுள் பிழையும் இருக்கலாம்; இன்னும் எழுதப்படாத மரபும் இருக்கலாம். புதிதாகப் பயின்று வரும் போதகர் முதல் ஞாயிறன்றே அவற்றைத் திருத்தப் புகுந்தால், மரபு எது, பிழை எது என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு என்றுமே கிடைக்காது. ஓராண்டு கேட்டு, சுரப்படுத்தி எழுதி வைத்தபின் எதைத் திருத்துவது என்று அவரும் சபையாரும் கூடி முடிவு செய்யட்டும். அப்பாட்டியரிடம் ஒரு கீர்த்தனையைக் கற்று, அதை அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குச் சுரத்தோடு கற்பித்துத் தருபவர், குடுமியான்மலைப் பாறையில் தொடங்கிய பணியையே தொடர்ந்து செய்கிறார்.